சங்கக் களமும் சிறுவர் பந்தும்

ஓசூரிலிருந்து பாகலூர் செல்லும் சாலையை அடுத்த ஒரு கிராமத்தில், விவசாயிகள் சங்கம் ஒன்றின் மகாசபைக் கூட்டத்திற்குச் சமீபத்தில் சென்றிருந்தேன். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. பங்கு ஈவு தீர்மானமாயிற்று. அங்கத்தினர்கள் எழுந்திருக்கும் சமயத்தில் தலைவர் ஒரு விண்ணப்பத்தை எடுத்து வாசித்தார். பள்ளி நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள் அது. ஊர்ச் சிறுவர்கள் 18 பேர் கையொப்பமிட்டிருந்தார்கள். பெரும்பாலோர் தமிழில், சிலர் தெலுங்கில், இருவர் கன்னடத்தில், ஒருவன் ஹிந்தியில். சங்கக் கிடங்கின் பின்புறமுள்ள களத்தில் மாலை 5 மணி முதல் 7 மணி வரை கால்பந்து பழகிக்கொள்ள அனுமதி வேண்டும் என்பதே அவர்களுடைய கோரிக்கை.

மாங்காய் வந்து இறங்கும் பருவமும் ராகி அடிக்கும் பருவமும் நீங்கலாக, அக்களம் ஆண்டின் பெரும்பகுதி வெறுமனே கிடப்பது. ஆயினும் விவாதம் மூண்டுவிட்டது. "கூட்டுறவுச் சங்கத்துக்கும் உதைபந்துக்கும் என்ன சம்பந்தம் ஐயா?" என்று மூத்த அங்கத்தினர் ஒருவர் கேட்டார். லாரி நிறுத்துவதற்கு அந்த இடத்தை மாத வாடகைக்குக் கேட்டு ஒருவர் தயாராக இருக்கிறார் என்ற செய்தியை மற்றொருவர் சொன்னார். முடிவு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. "இன்ஸ்பெக்டர் ஐயா சட்டத்தைப் பார்த்துச் சொல்லட்டும்" என்று தலைவர் என் பக்கம் திரும்பினார். பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் கூறி அமர்ந்துவிட்டேன். சட்டம் எனக்குத் தெரியும். அன்று வாய் திறவாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

முதலில் அந்த மூத்தவரின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கேள்வி நியாயமானது. சங்கத்தின் காசும் இடமும் அங்கத்தினர்களுடையவை. அவற்றை எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.

கூட்டம் முடிந்தபின் அந்தச் சிறுவர்களைக் கிடங்கின் திண்ணையருகே கண்டேன். அவர்களிடம் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. உத்தியோகப் பழக்கம் விடவில்லை, வாங்கிப் புரட்டினேன். ஆளுக்கு வாரம் 10 ரூபாய். செலுத்தியவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. இரண்டு பையன்களின் பெயருக்கு நேரே கோட்டுக்குப் பதிலாக 'கல்' என்று எழுதியிருந்தது. கேட்டதற்கு, பணம் கட்ட முடியாதவர்கள் ஆடும் இடத்தில் கல்லும் முள்ளும் பொறுக்கினால் அந்த வாரச் சந்தா கழிந்துவிடும் என்றார்கள். பந்து வாங்கிய செலவு, ஊசி வாங்கிய செலவு, காற்றடித்த செலவு எல்லாம் பதிவாகியிருந்தன. கையிருப்பு 85 ரூபாய். எண்ணிக் காட்டினார்கள், சரியாக இருந்தது. (நான் ஆய்வு செய்யும் பெரிய சங்கங்களில் எத்தனையில் கையிருப்பு முதல் தடவையிலேயே ஒத்துப்போகிறது என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன்.)

பந்தை ஏன் பொதுவில் வாங்கினீர்கள், வசதியுள்ள ஒருவன் வீட்டில் வாங்கித் தரமாட்டார்களா என்று கேட்டேன். கணக்கு எழுதும் பையன், வயது 14 இருக்கும், உடனே பதில் சொன்னான்: "முன்னே அப்படித்தான் சார் இருந்தது. பந்துக்காரன் அவுட் ஆனால் கோபித்துக்கொண்டு பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஆட்டம் நின்றுபோகும்."

ராச்டேல் முன்னோடிகளைப் பற்றி நாம் பயிற்சி நிலையங்களில் மணிக்கணக்கில் பாடம் நடத்துகிறோம். 1844ஆம் வருஷம் டிசம்பர் 21ஆம் தேதி, 28 பேர் சேர்ந்து டோட் சந்தில் ஒரு சிறிய கடையைத் திறந்தார்கள்; அவர்களில் நெசவாளர்களும் இருந்தார்கள். மாவும் வெண்ணெயும் கடைக்காரனுடைய தயவில் இருக்கும்வரை தங்கள் அடுப்பு நிச்சயமில்லை என்பதை அவர்கள் உணர்ந்ததே அதற்குக் காரணம். பந்து பந்துக்காரனுடைய தயவில் இருக்கும்வரை ஆட்டம் நிச்சயமில்லை என்று பாகலூர்ச் சாலைப் பையன் கண்டுகொண்டதும் அதே உண்மைதான். அவனுக்கு ராச்டேலைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. ஒருவருக்கு ஓர் ஓட்டு என்று வைத்துத்தான் தலைவனையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆகவே, சம்பந்தம் யாது என்று கேட்ட பெரியவருக்கு என் முதல் பதில் இது: அது நம்முடைய இனத்தைச் சேர்ந்த ஸ்தாபனமே, இன்னும் பதிவாகவில்லை என்பதுதான் வித்தியாசம்.

அந்த ராச்டேலிலிருந்து சுமார் பத்து மைல் தொலைவில் மான்செஸ்டர் நகரம் இருக்கிறது. அங்கே 1878இல் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கிய கால்பந்துக் கழகமே இன்று உலகம் அறிந்த மான்செஸ்டர் யுனைடெட். காலப்போக்கில் அது பெரும் பணக்காரர்களின் கைக்குப் போயிற்று. 2005இல் அமெரிக்கக் குடும்பம் ஒன்று கடன் வாங்கி அதை விலைக்கு வாங்கி, அந்தக் கடனைக் கழகத்தின் தலையிலேயே ஏற்றியது. மனம் வெறுத்த ரசிகர்களில் ஒரு பகுதியினர் விலகி, அதே ஆண்டில் எப்.சி. யுனைடெட் ஆப் மான்செஸ்டர் என்ற புதுக் கழகத்தை நிறுவினார்கள். அதை அவர்கள் பதிவு செய்தது நம்முடைய சங்கங்களுக்கு ஒப்பான கூட்டுறவுச் சட்டத்தின் கீழ். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஓர் ஓட்டே. பொதுமக்களிடம் பங்கு திரட்டியும் மானியம் பெற்றும் மைதானம் ஒன்றைக் கட்டி 2015இல் திறந்தார்கள். எனவே கால்பந்தும் கூட்டுறவும் ஒன்றுக்கொன்று அந்நியம் என்று சொல்ல இயலாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனா கழகம் லட்சத்திற்கும் மேற்பட்ட அங்கத்தினர்களுக்குச் சொந்தமானது. தலைவரை அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படியிருந்தும் 2021இல் அதன் கடன் 100 கோடி யூரோவைத் தாண்டிவிட்டது என்று அதன் தலைவரே வெளியிட்டார். அங்கத்தினர்களுக்குச் சொந்தம் என்பதால் மட்டும் கணக்கு நேராகிவிடாது. அதை நாம் பார்சிலோனாவுக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை.

நம் எல்லைப் பகுதிக்கு வருவோம். நமக்கு வடக்கே 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூர், கால்பந்தில் சாமான்யமான ஊர் அல்ல. 1937இல் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வெள்ளைக்காரப் பட்டாளத்து அணிகளிடமிருந்து பறித்த முதல் இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ். சுதந்திரம் பெற்ற மறு ஆண்டு, 1948 ஜூலை 31ஆம் தேதி, லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சை எதிர்த்து ஆடியது. நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். இரண்டு பெனால்டி வாய்ப்புகளைத் தவறவிட்டு 2-1 என்ற கணக்கில் தோற்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது.

அதே நகரின் அல்சூர் பக்கத்தில் கௌதமபுரம் என்ற குடியிருப்பு இருக்கிறது. தமிழ் பேசும் ஏழை உழைப்பாளர் குடும்பங்கள் நிறைந்த இடம். அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோருக்குச் சிலை வைத்தவர்கள், அவற்றோடு பிரேசில் ஆட்டக்காரர் பெலேவுக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். முதன்முதலில் இதைக் கேட்டபோது வேடிக்கையாகத் தோன்றியது. பிறகு யோசித்தேன். தாழ்த்தப்பட்ட மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு முன்னுதாரணமாக யாரை நிறுத்துவது என்று எண்ணியபோது, வறுமையில் பிறந்து காலால் உலகத்தை வென்ற ஒரு கறுப்பு மனிதனை நிறுத்தியதில் வேடிக்கை என்ன இருக்கிறது?

பெங்களூரில் கால்பந்து வேர்விட்டதற்கு ஒரு காரணம் தொழிற்சாலைகள். ஹிந்துஸ்தான் ஏரோநாடிக்ஸ், இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் முதலிய பொதுத்துறை ஆலைகள் தங்களுக்கென அணிகளை வைத்திருந்தன. நன்றாக ஆடும் பையனுக்கு ஆலையில் உத்தியோகம் கிடைத்தது; குடும்பம் நிமிர்ந்தது; அடுத்த வீட்டுப் பையனும் பந்தைத் தேடினான். ஏரோநாடிக்ஸ் அணி 2010 முதல் 2012 வரை இரண்டு பருவங்கள் ஐ-லீக் வரையில் உயர்ந்தது. அதன்பின் கீழிறங்கியது. ஆலைகள் கதவைத் திறந்து வைத்திருந்த அந்தக் காலம் பெரும்பாலும் போய்விட்டது.

எல்லைக்கு இந்தப் பக்கம் நிலைமை என்ன? 1970களில் சிப்காட் பேட்டை வந்தது முதல் ஓசூர் வளர்ந்துகொண்டே இருக்கிறது. 2019இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. நம் அங்கத்தினர்களின் பிள்ளைகள் ஐ.டி.ஐ. முடித்து, ஒப்பந்தத் தொழிலாளராக மூன்று ஷிப்டில் போய் வருகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பங்கள் வந்து நம் கிராமங்களில் வாடகைக்கு இருக்கின்றன. புறம்போக்கும் தரிசும் ஏரி உள்வாயும் இருந்த இடமெல்லாம் மனைப் பிரிவுக் கற்கள் நடப்பட்டுவிட்டன. வேலை, பஸ், கடை, பள்ளிக்கூடம் எல்லாம் பெருகியிருக்கின்றன. 12 வயதுப் பையன் ஓடுவதற்கு ஒரு திறந்தவெளி மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. அவன் மாலை நேரத்தை எங்கே கழிக்கிறான் என்பதை அங்கத்தினர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். ஆறு மணிக்குமேல் டாஸ்மாக் கடையின் அருகிலுள்ள பெட்டிக்கடை வாசலில் நின்று பார்த்தால் தெரியும்.

நெசவாளர் சங்கத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பல நெசவாளர் ஊர்களில் பாவடி நிலம் இருப்பதை அறிவீர்கள். அதிகாலையில் பாவு நீட்டித் தோய்வதற்காக முன்னோர்கள் பொதுவில் விட்டுச்சென்ற இடம். இன்று கஞ்சியிட்டுச் சுற்றிய பாவே ஆயத்தமாக வந்துவிடுவதால் பாவடிக்கு வேலை குறைந்துவிட்டது. வேலையில்லாத பொது நிலத்தை யாராவது ஒருவர் வேலி போட்டுக்கொள்ளுவார் என்பது நம் நாட்டு அனுபவம். தினமும் மாலையில் 20 பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் வேலி போடுவது அத்தனை சுலபமல்ல. சர்வே கல்லைவிட அது நல்ல காவல்.

வடசென்னையில் வியாசர்பாடி என்ற பகுதியைப் பற்றி நீங்கள் பத்திரிகைகளில் படித்திருக்கலாம். கூலி வேலைக்காரர், ஆட்டோ ஓட்டுவோர், துறைமுகத்தில் சுமை தூக்குவோர் என உழைத்துப் பிழைப்பவர்கள் நெருக்கமாக வாழும் இடம். அடிதடி வழக்குகளோடு சேர்த்துத்தான் அதன் பெயரை வெளியார் நெடுங்காலம் உச்சரித்தார்கள். 1990களின் பிற்பகுதியில் என். தங்கராஜ், என். உமாபதி ஆகியோர் அங்கே குடிசைப் பகுதிச் சிறுவர்களுக்கான விளையாட்டு, கல்வி வளர்ச்சிச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, முல்லை நகர் மைதானத்தில் பந்தாட்டம் பழக்கினார்கள். அவர்கள் வைத்த நிபந்தனையே என் மனத்தை மிகவும் கவர்ந்தது. பந்து வேண்டுமென்றால் பள்ளிக்கூடம் போக வேண்டும். மாலைப் பாட வகுப்பும் உண்டு. கட்டணம் கிடையாது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். படிப்பை விட்ட பையனைத் திரும்பப் பள்ளிக்கு அழைக்க ஆசிரியர் வீட்டுக்கு வந்தால் அவன் பின்வாசல் வழியே ஓடிவிடுவான். தகப்பன் அடித்தால் அழுவானே தவிர, போகமாட்டான். ஆனால், அவன் போகாவிட்டால் சனிக்கிழமை ஆட்டத்தில் இடது பக்கம் ஆடுவதற்கு ஆள் இல்லை என்றால், அவனுடைய சகாக்களே வந்து அவனை இழுத்துச் செல்லுகிறார்கள். கடன் சங்கத்தில் பரஸ்பர ஜாமீன் என்று நாம் சொல்லுவது இதுவேயல்லவா? ஒருவனுடைய நாணயத்துக்கு மற்றவர்கள் பொறுப்பு. ஆகையால் ஒருவன் தவறினால் மற்றவர்களுக்கு வலிக்கிறது.

வியாசர்பாடிக்குச் 'சின்ன பிரேசில்' என்ற பட்டப்பெயர் இப்போது வழங்குகிறது. அங்கிருந்து வந்த தனபால் கணேஷ், 2018இல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற சென்னையின் எப்.சி. அணியில் இருந்தார். நந்தகுமார் சேகர் இந்தியாவுக்காக ஆடினார். 2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி கல்கத்தாவில், டூராண்ட் கோப்பை ஆட்டத்தில், மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் பெற்ற ஒரே கோலை அடித்து நான்கரை ஆண்டுத் தோல்வி வரலாற்றை முடித்துவைத்தவர் அவரே. ஆனால் இந்தப் பெயர்களைச் சொல்லி உங்களை மயக்க நான் விரும்பவில்லை. ஒரு மைதானத்தில் ஆயிரம் பிள்ளைகள் ஆடினால் ஒருவரோ இருவரோதான் இப்படிப் புகழ் பெறுவார்கள். மீதிப் பேரில் ஒருவன் பத்தாம் வகுப்பை முடிக்கிறான், ஒருவன் எலக்ட்ரீஷியன் ஆகிறான், ஒருவன் போலீஸில் சேருகிறான், பலர் தகப்பனுடைய தொழிலையே குடிக்காமல் செய்கிறார்கள். சங்கம் செலவழிக்கும் காசுக்கு அந்த மீதிப் பேரே வரவு.

பெண் பிள்ளைகளைப் பற்றி அந்த விண்ணப்பத்தில் ஒரு சொல்லும் இல்லை. பதினெட்டும் பையன்களின் கையொப்பமே. கேட்டதற்கு, "பொண்ணுங்க வரமாட்டாங்க சார்" என்றான் தலைவன். வரவிடமாட்டார்கள் என்பதுதான் சரி. நம் ஜில்லாவின் மலையோரக் கிராமங்களில் சிறுவயது மணம் இன்னும் ஒழியவில்லை என்பது நமக்கெல்லாம் தெரிந்த வெட்கம். ஜார்க்கண்டில் ராஞ்சி நகரை அடுத்த கிராமங்களில் இதே வெட்கம் உண்டு. அங்கே 2009இல் யுவா என்ற அமைப்பு பழங்குடி விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்குக் கால்பந்து பழக்கத் தொடங்கியது. தினமும் களத்துக்கு வரும் பெண், பள்ளிக்கும் வருகிறாள். அவளைத் திடீரென்று ஒரு நாள் காணவில்லை என்றால் விசாரிக்க 15 தோழிகள் இருக்கிறார்கள். 2013இல் அந்தப் பெண்கள் ஸ்பெயின் சென்று கஸ்தேயிஸ் கோப்பைப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றார்கள். நம் ராஜ்யத்திலேயே மதுரையின் சேது எப்.சி. பெண்கள் அணி 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கில் முதலிடம் பெற்றது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்றது. ஆகவே சங்கம் இடம் கொடுக்கும்போது, வாரத்தில் இரண்டு நாளாவது பெண் பிள்ளைகளுக்கு என்று நிபந்தனை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிபந்தனை வைப்பது இடம் கொடுப்பவருடைய உரிமை. வியாசர்பாடிக்காரர்களும் அதைத்தானே செய்தார்கள்?

இதில் சாதி விஷயத்தையும் மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஊர்ப் பையன்களும் காலனிப் பையன்களும் தனித்தனி இடத்தில் தனித்தனிப் பந்தை உதைக்கிற கிராமங்களை நான் பார்த்திருக்கிறேன். பஞ்சாயத்து மைதானம் எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருவுக்குரியதாக ஆகிவிடுகிறது. சங்கக் களம் அப்படியல்ல. அது எல்லாத் தெருக்காரர்களும் பங்கு செலுத்திய இடம். ஒரே வரிசையில் நின்று உரம் வாங்கும் இடத்தில் பிள்ளைகள் ஒரே அணியில் நிற்பதற்கு யாரும் ஆட்சேபிக்க இயலாது. ஆட்சேபித்தாலும் வாய்விட்டுச் சொல்ல இயலாது.

இனி, அன்று நான் வாய் திறவாததன் காரணத்தைச் சொல்லுகிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில், வேறொரு தாலுகாவில், ஒரு சங்கத்தை ஆய்வு செய்தேன். பட்டப் படிப்பும் பயிற்சியும் முடித்த முறுக்கு. ரூபாய்க்கும் பைசாவுக்கும் வவுச்சர் கேட்கிற வயது. சில்லறைச் செலவுக் கணக்கில் 4,850 ரூபாய் என் கண்ணில் பட்டது. இரண்டு பந்துகள், ஒரு ஜோடி வலை, களத்தை மட்டம் செய்ய மண் வெட்டும் இயந்திரத்துக்கு இரண்டு மணி நேர வாடகை. ஊர்ச் சிறுவர்களுக்காகச் செயலாளர் செய்த செலவு. நிர்வாகக் குழுத் தீர்மானம் இல்லை. 'சங்கத்தின் நோக்கத்துக்குப் புறம்பான செலவு. உரியவரிடமிருந்து வசூலிக்கப்பட வேண்டும்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். செயலாளர் ஓய்வுபெற இரண்டு ஆண்டே இருந்த பெரியவர். மறுவார்த்தை பேசவில்லை. தமது சம்பளத்திலிருந்து இரண்டு தவணையில் கட்டிவிட்டார். ரசீதையும் எனக்குக் காட்டினார்.

அதன்பின் அச்சங்கத்தார் பயந்துபோய்ச் சிறுவர்களைக் களத்தில் நுழையவிடவில்லை. சில மாதத்தில் அந்த இடம் செங்கல் அடுக்க வாடகைக்குப் போயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து இளைஞர்களை அங்கத்தினராகச் சேர்க்கும்படி மேலிடத்து உத்தரவு வந்தபோது அதே ஊருக்கு மறுபடியும் போனேன். அப்போது 30 வயதுக்குட்பட்டவர் ஒருவர்கூட அச்சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டில் இல்லை. பந்தாடிய பையன்களில் மூவரை டீக்கடையில் பார்த்தேன். எல்லாரும் ஆலை வேலைக்குப் போகிறவர்கள். சங்கத்தில் சேரலாமே என்றேன். ஒருவன் சிரித்தான். "எங்களை வெளியே போகச் சொன்னது அதுதானே சார்" என்றான். யார் எழுதிய குறிப்பினால் அது நேர்ந்தது என்பது அவனுக்குத் தெரியாது.

நான் எழுதிய ஆட்சேபணை விதிப்படி சரியானதே. இன்றும் தீர்மானமில்லாச் செலவைக் கண்டால் அப்படியேதான் எழுதுவேன். ஆனால் இன்ன வழியில் செய்திருந்தால் இது சரியான செலவாகியிருக்கும் என்று அடுத்த வரியில் எழுத எனக்குத் தெரிந்திருந்தும் எழுதவில்லை. அந்த ஒரு வரியின் விலை என்ன என்பதை அந்த டீக்கடையில் தெரிந்துகொண்டேன்.

அந்த வரியை இப்போது எழுதுகிறேன். 1912ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, நிகர லாபத்தில் கால் பங்கைக் காப்பு நிதிக்கு ஒதுக்கிய பிறகு, மீதியில் பத்து சதவிகிதத்துக்கு மேற்படாமல், பதிவாளரின் அனுமதியுடன், தரும காரியத்துக்குக் கொடுக்க இடம் தந்தது. தரும காரியம் என்றால் கோயில் பூஜை என்று அந்தச் சட்டம் பொருள் கொள்ளவில்லை. மத சம்பந்தமானவற்றை விலக்கி, ஏழைகளுக்கு உதவி, கல்வி, வைத்தியம், பொதுமக்களுக்குப் பயன்படும் மற்ற எந்த நோக்கமும் என்று 1890ஆம் வருஷத்துத் தரும நிதிச் சட்டத்தின் விளக்கத்தையே ஏற்றுக்கொண்டது. வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்த விசாலம் இது. நம் ராஜ்யத்தில் இப்போது அமலில் இருக்கும் 1983ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழும் சங்கங்கள் தங்கள் துணை விதிகளுக்கு உட்பட்டு லாபத்தில் ஒரு பகுதியைப் பொது நல நிதிக்கு ஒதுக்குகின்றன. ராச்டேல்காரர்களும் 1850களிலேயே லாபத்தில் இரண்டரை சதவிகிதத்தைக் கல்விக்கென்று எடுத்துவைத்து, வாசகசாலை நடத்தினார்கள். ஆகவே வழி உண்டு. தீர்மானம் வேண்டும், அனுமதி வேண்டும், ரசீது வேண்டும், அவ்வளவே. சில்லறைச் செலவில் ஒளித்து எழுத வேண்டிய அவசியம் இல்லை.

லாபமில்லாத சங்கங்கள் என்ன செய்வது? காசு கொடுக்க வேண்டாம். காசில்லாத சங்கத்துக்கும் களம் இருக்கிறது. மாலை 2 மணி நேரம் அதைத் திறந்துவிட ஒரு பூட்டும் ஒரு சாவியும் போதும். முழு அளவுக் கால்பந்து மைதானம் 100 மீட்டர் நீளத்துக்கு மேல் போகும். சிறுவர்கள் ஏழு ஏழு பேராக ஆடுவதற்கு அதில் பாதி தாராளம்.

லாரி வாடகையை இழக்கலாமா என்பது நியாயமான ஆட்சேபணை. வாடகை வருமானம் கண்ணுக்குத் தெரியும், பேரேட்டில் ஏறும். ஆனால் பாரம் ஏற்றிய லாரி ஓராண்டு நின்ற களத்தில் மறு ஆண்டு ராகி அடிக்க இயலுமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எண்ணெய் சிந்திய மண்ணில் தானியம் கொட்ட எந்தக் குடியானவன் சம்மதிப்பான்? சிறுவர்களோ கல் பொறுக்குகிறார்கள்.

சண்டை வருமே, காயம் படுமே என்பது இன்னொன்று. வரும், படும். மாங்காய் பறிக்கிற மரத்தில் ஏறியும் காயம் படுகிறது. பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் ஆட்ட நேரத்தில் இருக்க வேண்டும் என்று விதித்தால் பெரும்பாலும் தீரும். ஆலையில் காலை ஷிப்ட் முடிந்து வரும் இளைஞர்களில் இரண்டொருவர் இதற்குக் கிடைப்பார்கள் என்றே நம்புகிறேன். அந்த வகையில் பெரியவர்கள் எழுவர் முன்வந்தால், 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்க் கழகத்தைப் பதிவு செய்துவிடலாம். கணக்கை ஆண்டுக்கொருமுறை காட்ட வேண்டியிருக்கும். அது நல்லதே.

எனக்கு உண்மையில் அச்சம் தருவது வேறொன்று. தேர்தல் நெருங்கும்போது யாராவது ஒரு பிரமுகர் வந்து 18 சட்டைகளும் நான்கு பந்துகளும் இலவசமாகக் கொடுப்பார். சட்டையின் முதுகில் அவர் பெயர் இருக்கும். வாரச் சந்தா நின்றுபோகும். கணக்குப் புத்தகம் நின்றுபோகும். 'கல்' என்று எழுதப்பட்ட பையன்களுக்கு வேலை இல்லாமற் போகும். ஆறு மாதத்தில் பந்து கிழிந்த பிறகு, அடுத்த பிரமுகருக்காகக் காத்திருப்பார்கள். கடன் தள்ளுபடிக்குப் பிறகு நம் கடன் சங்கங்கள் சில எந்த நிலையை அடைந்தன என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆகையால் சங்கமும் முழுச் செலவையும் தன் தலைமேல் போட்டுக்கொள்ளக் கூடாது. அவர்கள் 10 ரூபாய் சேர்த்தால் சங்கம் 10 ரூபாய் சேர்க்கட்டும். அவர்களுடைய புத்தகத்தைச் சங்கச் செயலாளர் மாதம் ஒருமுறை பார்த்துக் கையொப்பமிடட்டும். 18 வயது நிறைந்ததும் ஒவ்வொருவனுக்கும் சங்கப் பங்கு விண்ணப்பத்தை நீட்டட்டும்.

பாகலூர்ச் சாலைச் சங்கத்தின் அடுத்த கூட்டம் வரும் மாதம் நடைபெறுகிறது. அதில் எனக்கு ஓட்டு கிடையாது. கேட்டால் கருத்துச் சொல்லலாம். இம்முறை கேட்காவிட்டாலும் சொல்லப்போகிறேன். களத்தை நிபந்தனைகளுடன் ஓராண்டுக்கு அனுமதிப்பதென்றும், பொது நல நிதியிலிருந்து சிறுவர் சந்தாவுக்குச் சமமான தொகையை வழங்க அனுமதி கோருவதென்றும், பெண் பிள்ளைகளுக்கு வாரம் இரு நாள் ஒதுக்குவதென்றும் தீர்மான நகல் ஒன்றைத் தலைவர் கேட்டுக்கொண்டபடி தயார் செய்து கொடுத்திருக்கிறேன். மூத்த அங்கத்தினரின் கேள்விக்கு என் விடை இதுதான். அவருக்கு இன்னும் சந்தேகம் இருக்குமானால், முன்னொரு காலத்தில் நான் எழுதிய அந்த ஆய்வுக் குறிப்பின் நகலும் என் பையில் இருக்கும். எடுத்து வாசித்துக் காட்டுவேன்.